குழந்தையின் எடையை வைத்து அளக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்ற ஜனவரி 26 அன்று நடந்த எங்கள் ஊர்க் கிராம சபையில் குடிநீர்ப் பரிசோதனை முடிவை வாசித்தார்கள். கடினத்தன்மை, குளோரைடு, ஃபுளோரைடு, நைட்ரேட், இரும்பு, எஞ்சிய குளோரின் என்று வரிசையாகச் சொல்லி, எல்லாமே அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் இருப்பதாக முடித்தார்கள். "பூச்சிமருந்து எச்சம் ஏதும் பார்த்தீர்களா?" என்று எழுந்து கேட்டேன். "அதைப் பார்க்க இந்தப் பெட்டியில் வழியில்லைங்க, சார்" என்று பதில் வந்தது. பதில் சொன்னவர்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அவர் கையில் கொடுத்திருக்கும் களப் பரிசோதனைப் பெட்டி உண்மையிலேயே அதை அளக்காது. ஆனாலும் கூட்டம் கலைந்து வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தப் பதில் மனத்தை அறுத்துக்கொண்டே இருந்தது. நெல்லுக்கு மருந்தடிக்கத் தொடங்கி இரண்டு தலைமுறைக்கு மேல் ஆகிவிட்ட இந்த மண்ணில், பிள்ளைகள் குடிக்கும் தண்ணீரில் அந்த மருந்து இருக்கிறதா, இல்லையா என்று ஊரார் கேட்டால் சொல்வதற்கு ஒரு தாள் இல்லை. இக்கடிதத்தை எழுதத் தூண்டியது அதுதான்.

வலங்கைமான் வட்டாரத்தில் 31 ஆண்டுகள் நடுநிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன். நான் எழுதப்போவது எல்லா ரசாயனங்களையும் பற்றியதன்று. உப்பும் ரசாயனம்தான், தண்ணீரும் ரசாயனம்தான். மனிதன் ஆலையில் உருவாக்கியவையும், மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்களால் எளிதில் செரிக்க முடியாதவையும், ஓர் உடலுக்குள் புகுந்தால் பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் வெளியேறாதவையுமான ஒரு கூட்டத்தைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன். இவற்றுள் பல கொழுப்பில் தங்கும். சில இரத்தத்தில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். நீடித்து நிலைக்கும் இத்தகைய கரிம மாசுகளைக் கட்டுப்படுத்துவதற்காகவே 2001-ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை உருவாயிற்று. டி.டி.டி., ஆல்ட்ரின், எண்ட்ரின் ஆகிய பூச்சிமருந்துகள், குப்பை எரியும்போது உண்டாகும் டையாக்சின் முதலான 12 பொருள்களோடு தொடங்கிய அந்தப் பட்டியல் இன்று அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலாக நீண்டிருக்கிறது. இந்தியா 2006-இல் அதில் இணைந்தது.

இவற்றோடு எங்கள் பழக்கம் உடன்படிக்கைக்கெல்லாம் முந்தையது. 1970-களில் நான் பள்ளிச் சிறுவன். கதிர் பால்பிடிக்கும் சமயத்தில் நாவாய்ப்பூச்சி விழுந்துவிட்டால், அப்பா பி.எச்.சி. என்ற பூச்சிமருந்தின் பத்து சதவீதப் பொடியை வாங்கி வருவார். அதை மெல்லிய துணிப்பையில் கட்டி, விடியற்காலையில் பனி காய்வதற்கு முன்னால் வயலில் இறங்கி, பையைக் குச்சியால் தட்டித் தட்டிக் கதிர்மேல் தூவ வேண்டும். ஈரம் இருந்தால்தான் பொடி ஒட்டும் என்பார்கள். பூஞ்சை பிடித்த சாக்கிலிருந்து வருவதுபோல் ஒரு வாடை. அது எனக்கு இன்றும் மூக்கில் நிற்கிறது. தூவி முடித்ததும் வாய்க்காலில் கையை ஒருமுறை அலசிவிட்டு, வரப்பிலேயே உட்கார்ந்து பழையசோறு சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போவேன். மிச்சப் பொடி வீட்டுக்கு வரும். பத்தாயத்தின் அடியில் கொஞ்சம், அடுக்களை மூலையில் கொஞ்சம் போக, கைக்குழந்தையைத் தரையில் கிடத்தும் இடத்தைச் சுற்றி, எறும்பு அண்டக் கூடாது என்று அம்மா வட்டமாகத் தூவி வைப்பார். கெமாக்சின் பொடி என்பது அதன் கடைப்பெயர்; அதை அறியாத வீடு அன்று எங்கள் பக்கத்தில் இல்லை. என் தங்கை தவழ்ந்தது அந்த வட்டத்துக்குள்தான். பெற்ற பிள்ளையைக் காப்பதற்காகத்தான் அம்மா அதைச் செய்தார். அதே பொருளின் வீரியமான வடிவமாகிய லிண்டேன், பேனுக்கும் சொறிசிரங்குக்கும் தடவும் மருந்தாகப் பிள்ளைகளின் தலையிலும் தோலிலும் பூசப்பட்டது. பூச்சியைக் கொல்வதற்கும் நோயைத் தீர்ப்பதற்கும் ஒரே சொல்லாக 'மருந்து' என்று வழங்கும் நம் பேச்சில், இரண்டுக்கும் இடையே எச்சரிக்கை செய்ய ஒரு சொல்கூட இல்லாமல் போயிற்று.

தூவிய பொடி என்ன ஆயிற்று என்பதற்கு விடை எங்கள் டெல்டாவின் வாசலிலேயே கிடைத்தது. கொள்ளிடத்துக்கு வடக்கே வெள்ளாறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டையில், அங்கிருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தாரும் ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து 1980-களின் பிற்பாதியில் காற்றையும் தண்ணீரையும் வண்டலையும் எடுத்துச் சோதித்தார்கள். வயலில் இட்ட பி.எச்.சி.யில் மிகப் பெரும்பங்கு நம் வெயிலில் ஆவியாகிக் காற்றோடு போய்விட்டது என்றும், ஆற்றோடு கடலுக்குப் போனது அற்ப அளவே என்றும் கண்டார்கள். நெற்பயிர் நிற்கும் மாதங்களில் காற்றில் அதன் அளவு ஏறியது. அறுவடைக்குப் பின் இறங்கியது. ஆவியாகிப் போனது தொலைந்து போகவில்லை. இத்தகைய பொருள்கள் வெப்ப நாட்டில் ஆவியாகிக் குளிர் நாட்டில் படிகின்றன; பூச்சிமருந்தையே கண்டிராத வடதுருவப் பகுதி மக்களின் உடலில் அவை காணப்படுவதற்குக் காரணம் இதுவே. இங்கே தங்கியது, புல்லில் படிந்து, மாட்டின் வழியாகப் பாலுக்கும், மீனின் வழியாகக் குழம்புக்கும் வந்து, கடைசியில் தாயின் உடலில் சேர்ந்தது. அதே காலத்தில் தமிழகத்துத் தாய்மார்களின் பாலைச் சோதித்தபோது பி.எச்.சி.யும் டி.டி.டி.யும் இருப்பது தெரியவந்தது.

டி.டி.டி.யை விவசாயத்தில் பயன்படுத்துவது 1989-இலும், பி.எச்.சி. 1997-இலும் நம் நாட்டில் தடை செய்யப்பட்டன. தடைக்குப் பிறகு இவற்றின் அளவு மனித உடலில் படிப்படியாகக் குறைந்துவருவதை உலகெங்கும் தாய்ப்பால் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நல்ல செய்தி அது. தடை போட்டால் பலன் உண்டு என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆனால் பி.எச்.சி.யின் ஒரு வகை உடலில் பாதியாகக் குறைவதற்கே ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் ஆகும் என்பதையும் மறக்கக் கூடாது.

குழந்தையைப் பற்றித் தனியாக ஏன் பேச வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். பெரியவர்களும் அதே தண்ணீரைத்தானே குடிக்கிறோம், அதே சோற்றைத்தானே தின்கிறோம் என்கிறார்கள். பள்ளியில் நான் பிள்ளைகளுக்கு விகிதக் கணக்கு போட்டுக் காட்டியதுபோலவே இங்கும் காட்டுகிறேன். பச்சிளங் குழந்தைக்கு நாளொன்றுக்கு, ஒரு கிலோ எடைக்கு ஏறத்தாழ 150 மில்லி பால் தேவை. 60 கிலோ எடையுள்ள ஒருவர் அதே விகிதத்தில் குடிப்பதானால் ஒரு நாளைக்கு 9 லிட்டர் குடிக்க வேண்டும். மூச்சும் அப்படித்தான், எடைக்கு ஈடாகப் பார்த்தால் பிள்ளைகள் நம்மைவிட அதிகக் காற்றை உள்ளே இழுக்கிறார்கள். அதனோடு, நஞ்சைப் பிரித்து வெளியேற்ற வேண்டிய கல்லீரலும் சிறுநீரகமும் பிறந்த குழந்தைக்கு இன்னும் முதிர்ந்திருப்பதில்லை. மூளையோ அந்த வயதில்தான் வேகமாக வளர்கிறது. நமக்கு 'அனுமதிக்கப்பட்ட அளவு' என்று இருப்பது அவர்களுக்கும் அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

என் பேத்திக்கு எட்டு மாதம் ஆகிறது. தவழத் தொடங்கிவிட்டாள். ஒருநாள் பிற்பகல் முழுவதும் அவளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கூடத்திலிருந்து திண்ணைக்கும், திண்ணையிலிருந்து கூடத்துக்கும் தவழ்ந்து போகிறாள். நாலடி போய் உட்கார்ந்து, உள்ளங்கையை அப்படியே வாயில் வைத்துக்கொள்கிறாள். கட்டில் காலை நக்குகிறாள். ரிமோட்டைக் கடிக்கிறாள். நாங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வருகிற இடத்தில் விரலால் எதையோ பொறுக்குகிறாள். தொலைக்காட்சி, மின்கம்பி உறை, மெத்தையின் நுரை ஆகியவற்றில் தீப்பிடிக்காமல் இருப்பதற்காகச் சேர்க்கப்பட்டுவந்த புரோமின் கலந்த சேர்மங்களில் பல இப்போது ஸ்டாக்ஹோம் பட்டியலில் இருக்கின்றன. அவை அந்தப் பொருள்களிலிருந்து மெல்ல மெல்ல உதிர்ந்து வீட்டுத் தூசியில் சேர்கின்றன. நமக்குத் தூசி என்பது காலில் ஒட்டுவது. அவளுக்கு அது ஒவ்வொரு நாளும் வாய்க்குள் போவது. ஈரத்துணியால் தரையைத் துடைப்பதும், சாப்பிடும் முன் பிள்ளையின் கையைக் கழுவிவிடுவதும் இந்த விஷயத்தில் உண்மையாகவே பயன் தருபவை. இவற்றைச் செய்யுங்கள் என்று தாய்மார்களைக் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் மெத்தையில் என்ன கலந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லி அவர்களைக் கேட்க முடியாது.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்லியாக வேண்டும். தாய்ப்பாலில் இவை காணப்படுகின்றன என்பதைப் படித்துவிட்டு எந்தத் தாயும் பால் கொடுப்பதை நிறுத்திவிடக் கூடாது. பல்லாண்டுகளாக உலகெங்கும் தாய்ப்பாலை இதற்காகவே சோதித்துவரும் உலக சுகாதார நிறுவனம், முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும் என்பதில் இன்றுவரை மாற்றமில்லாமல் நிற்கிறது. தாய்ப்பால் தரும் பாதுகாப்பு, அதிலுள்ள மாசினால் வரக்கூடிய தீங்கைவிடப் பெரியது. தாயின் உடலில் இருப்பதை எளிதில் தெரிந்துகொள்ள முடிவதால் பாலைச் சோதிக்கிறார்களே தவிர, பால் கெட்டுவிட்டது என்பதற்காக அன்று. இந்த அச்சத்தை வைத்துப் புட்டிப்பால் விற்க யாரும் கிளம்பிவிடக் கூடாது. அத்தகைய விளம்பரத்தை 1992-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. தாயிடம் சொல்ல வேண்டியது பாலை நிறுத்து என்பதன்று. அவள் சிறுமியாக இருந்தபோதே அவள் உடலில் இவை சேராமல் பார்த்திருக்க வேண்டியது நம் கடமை. இன்று சிறுமியாக இருப்பவளுக்காவது அதைச் செய்ய வேண்டும்.

பழைய பூச்சிமருந்துகள் விவசாய வீட்டுக்கு வந்தவை. அதற்குப் பின் வந்த இன்னொரு கூட்டம் எல்லா வீட்டுக்கும் வந்துவிட்டது. கார்பனோடு ஃபுளோரினைப் பிணைத்துச் செய்யப்படும் பி.எஃப்.ஏ.எஸ். சேர்மங்களைச் சொல்கிறேன். ஒட்டாத வாணலி, நனையாத மழைக்கோட்டு, கறை படியாத துணி, எண்ணெய் ஊறாத தாள், தீயணைப்பு நுரை எனப் பலவற்றிலும் இவை பயன்பட்டன. கார்பனுக்கும் ஃபுளோரினுக்கும் இடையிலான பிணைப்பு, கரிம வேதியியலில் மிக வலுவான பிணைப்புகளுள் ஒன்று. ஆகையால் வெயிலாலும் மழையாலும் நுண்ணுயிராலும் எளிதில் உடைவதில்லை. 2008-இல் வெளியான ஆய்வு ஒன்றில் இந்தியா உள்ளிட்ட ஆசிய நாடுகளின் தாய்ப்பாலில் இவை காணப்பட்டன. 2016-இல் வெளியான மற்றோர் ஆய்வில் தமிழகத்தின் மேற்பரப்பு நீரிலும் காணப்பட்டன. டெல்டாவின் பல ஊர்களுக்குக் கொள்ளிடத்திலிருந்து கூட்டுக் குடிநீர் வருகிறது. நாங்கள் கடைமடைக்காரர்கள். மேட்டூருக்குக் கீழே இரு கரையிலும் எது ஆற்றில் கலந்தாலும் அது கடைசியாக வந்து சேரும் இடம் எங்கள் குழாய்.

பத்து வயதில் போடப்படும் தடுப்பூசிக்காக மாணவர்களை வரிசையில் நிறுத்தும் வேலை பல ஆண்டுகள் என்னுடையதாக இருந்தது. முன்பு ரணஜன்னியை மட்டும் தடுத்த அந்த ஊசி, இப்போது தொண்டை அடைப்பானும் வராமல் காக்கிறது. வடக்கு அட்லாண்டிக் கடலில் உள்ள ஃபாரோ தீவுகளில் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2012-இல் வெளியிட்ட ஆய்வில், பி.எஃப்.ஏ.எஸ். சேர்மங்கள் உடலில் கூடுதலாக இருந்த பிள்ளைகளுக்கு இந்த இரு நோய்களுக்கும் எதிரான தடுப்பாற்றல் குறைவாக உருவானதாகக் கண்டார்கள். படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஊசியைக் கண்டு அழுத எத்தனையோ பிள்ளைகளிடம் "இது உன்னைக் காப்பாற்றும்" என்று சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டவன் நான். அந்தக் காப்பில் ஒரு பங்கைக் கண்ணுக்குத் தெரியாத ஒன்று அரித்துக்கொண்டிருக்குமானால் அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை பெற்றோருக்கு இல்லையா? இச்சேர்மங்களுள் ஒன்றாகிய பி.எஃப்.ஓ.ஏ. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2023-இல் வகைப்படுத்தியது. அமெரிக்கா 2024-இல், குடிநீரில் பி.எஃப்.ஓ.ஏ.வும் அதே கூட்டத்தைச் சேர்ந்த பி.எஃப்.ஓ.எஸ்.ஸும் ஒவ்வொன்றும் லிட்டருக்கு 4 நானோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதித்தது. நானோகிராம் என்பது ஒரு கிராமை நூறு கோடிக் கூறாக்கினால் அதில் ஒரு கூறு. நம் குடிநீருக்கான இந்தியத் தரநிலையில் டி.டி.டி., லிண்டேன், எண்டோசல்பான், குளோர்பைரிபாஸ் முதலான பூச்சிமருந்துகளுக்கு வரம்பு குறிக்கப்பட்டுள்ளது, பி.எஃப்.ஏ.எஸ்.ஸுக்கு அதில் இடமில்லை. உணவைத் தொடும் பொருள்களில் இவற்றைத் தடை செய்வதற்கான வரைவை இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025-இல் வெளியிட்டது, வரவேற்கிறேன். தண்ணீருக்கும் அது வர வேண்டும்.

இதுவரை சொன்னவை பெரும்பாலும் வெளியிலிருந்து வாங்கியவை. ஒரு நஞ்சை மட்டும் நாமே, நம் ஊரிலேயே, இலவசமாக உற்பத்தி செய்கிறோம். டையாக்சினை யாரும் விற்பதுமில்லை, வாங்குவதுமில்லை. குளோரின் உள்ள பிளாஸ்டிக்கை, குறிப்பாக பி.வி.சி.யை, குறைந்த வெப்பத்தில் திறந்தவெளியில் எரித்தால் அது உண்டாகிறது. செம்பு கூட இருந்தால் இன்னும் எளிதாக உண்டாகிறது. நான் பணியாற்றிய பள்ளி ஒன்றின் பின்புறச் சுவரை ஒட்டி ஒரு பள்ளம் இருந்தது. மதியம் இரண்டு மணிக்கு மேல் அங்கே குப்பைக்குத் தீ வைப்பார்கள். கிழக்குக் காற்று அடித்தால் ஏழாம் வகுப்பில் சன்னலைச் சாத்தியே பாடம் நடத்துவேன். ஒருநாள் அந்தப் புகைக்கு நடுவே ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் குந்தியிருந்தான். பழைய மின்கம்பிச் சுருளை ஒரு குச்சியில் மாட்டி, உறை முழுதும் கருகி உதிரும் வரை திருப்பித் திருப்பித் தீயில் காட்டிக்கொண்டிருந்தான். முகத்துக்கும் தீக்கும் ஒரு முழம்கூட இல்லை. உள்ளே இருக்கும் செம்பைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடுவானாம். என்னைக் கண்டதும் பயந்து எழுந்து, "அம்மாவுக்கு மாத்திரை வாங்க, சார்" என்றான். அவனை அன்று நான் அதட்டவில்லை. அதட்டுவதற்கு எனக்கு என்ன தகுதி இருந்தது? பள்ளத்துக்குத் தீ வைத்தது பெரியவர்கள்; அவன் அந்தத் தீயைப் பயன்படுத்திக்கொண்டான். ஒரு மாதம் மனு கொடுத்து அலைந்த பிறகு பள்ளம் மூடப்பட்டது. தீ வைக்கும் இடம் வாய்க்கால் கரைக்கு மாறியது.

எரிந்து முடிந்ததோடு அது முடிவதில்லை. 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், சென்னைப் பெருங்குடிக் குப்பைமேட்டைச் சுற்றி வாழ்ந்த தாய்மார்களின் பாலில் டையாக்சின் வகை நஞ்சுகள் கூடுதலாக இருப்பது தெரியவந்தது. அங்கே மேய்ந்த மாடுகளின் பால் வழியாக அவை வந்திருக்கக்கூடும் என்று ஆய்வாளர்கள் சுட்டினார்கள். தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் வரை எந்த ஊருக்குப் போனாலும் குப்பைமேட்டின்மேல் மாடு நிற்காத இடத்தைக் காண்பது அரிது. அந்த மாட்டின் பாலைத்தான் தாய்ப்பாலுக்கு அடுத்தபடியாகப் பிள்ளைக்குக் காய்ச்சிக் கொடுக்கிறோம். குப்பையைத் திறந்தவெளியில் எரிக்கக் கூடாது என்று 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே சொல்லப்பட்டது. அதே ஆண்டு தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சாதாரணமாக எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று அபராதமும் விதித்தது. போகிக்கு முன்னால் டயரையும் பிளாஸ்டிக்கையும் எரிக்காதீர்கள் என்று மாசு கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் கேட்டுக்கொள்கிறது. இவ்வளவு இருந்தும் இந்தப் போகியன்று எங்கள் தெருவில் கிழிந்த புத்தகப்பையும், உடைந்த நாற்காலியும், சைக்கிள் டயரும் எரிந்தன. சுற்றிலும் நின்று மேளம் கொட்டியது பிள்ளைகள்.

இப்போது வயலில் நடப்பதற்கு வருகிறேன். வீட்டுக்கு அடித்தளம் போடும்போது கரையானுக்கும், நெல்லில் இலைச்சுருட்டுப் புழுவுக்கும் நம் பக்கத்தில் தாராளமாகப் பயன்படும் குளோர்பைரிபாஸ், 2025-இல் ஸ்டாக்ஹோம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. நியூயார்க் நகரத்தில் இம்மருந்தை வீட்டுக்குள் கரப்பான்பூச்சிக்கு அடித்துவந்த காலத்தில் கருவுற்றிருந்த தாய்மார்களின் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து 2011-இல் வெளியிட்ட ஆய்வு, பிறக்கும்போது தொப்புள்கொடி இரத்தத்தில் இம்மருந்து கூடுதலாக இருந்த பிள்ளைகளின் அறிவுத்திறனும் நினைவாற்றலும் ஏழு வயதில் குறைந்திருந்ததைக் காட்டியது. சென்ற புரட்டாசியில் எங்கள் ஊர் மதகடியில் இரண்டு சிறுவர்கள் ஒரு வெள்ளைப் பாட்டிலில் தண்ணீர் மொண்டு ஒருவன் மேல் ஒருவன் ஊற்றி விளையாடிக்கொண்டிருந்தார்கள். வாங்கிப் பார்த்தேன், லேபிளில் மஞ்சள் முக்கோணம் பாதி கிழிந்து ஒட்டிக்கொண்டிருந்தது. சிவப்பு முக்கோணத்துக்கு அடுத்தபடியாகக் கொடிய நஞ்சு என்பதற்கு அடையாளம் அது. தொழிலாளிக்கும் விவசாயிக்கும் அந்த முக்கோணத்தின் பொருள் தெரியாதபோது ஒன்பது வயதுப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? பாட்டிலை விற்கத் தெரிந்தவர்களுக்கு, காலி பாட்டிலைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் தெரிய வேண்டும்.

மாநில அரசு நினைத்தாலும் ஒரு பூச்சிமருந்தை நிரந்தரமாகத் தடை செய்துவிட முடியாது. 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்படி குறுகிய காலத்துக்கே நிறுத்திவைக்கலாம். முழுத் தடை மத்திய அரசின் கையில் இருக்கிறது. ஆகவே எல்லாவற்றையும் சென்னையிடமே கேட்பதில் பயனில்லை என்பதை அறிந்தே, மாநிலத்தாலும் மாவட்டத்தாலும் செய்யக்கூடியதை மட்டும் கேட்கிறேன்.

முதலாவதும் முக்கியமானதும் அளப்பது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் அங்கன்வாடிகளுக்கும் பள்ளிகளுக்கும் வரும் குடிநீரை ஆண்டுக்கு இரண்டு முறையாவது, குறுவைக்கு மருந்தடிக்கும் காலத்தில் ஒன்றும் சம்பாவில் கதிர் பால்பிடிக்கும் காலத்தில் ஒன்றுமாக எடுத்து, பூச்சிமருந்து எச்சத்துக்கும் பி.எஃப்.ஏ.எஸ்.ஸுக்கும் சோதிக்க வேண்டும். மேட்டூர் திறந்து புதுத்தண்ணீர் வந்த வாரத்தில் மட்டும் எடுத்துவிட்டு முடித்துக்கொள்ளக் கூடாது. எச்சத்தை அளக்கத் தெரிந்தவர்கள் வெளிநாட்டில் இல்லை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறார்கள். உணவுப் பரிசோதனைக் கூடம் தஞ்சாவூரிலேயே, தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தில் இருக்கிறது. வரும் எண்ணை 60 கிலோ ஆளின் வரம்போடு ஒப்பிட்டு 'சரி' என்று எழுதிவிடாமல், பத்து கிலோ எடையுள்ள குழந்தை நாளொன்றுக்கு எவ்வளவு உட்கொள்கிறது என்று கணக்கிட்டு எழுத வேண்டும். அந்த முடிவை அங்கன்வாடிச் சுவரில், எடை பார்க்கும் தராசுக்குப் பக்கத்தில், தமிழில் ஒட்ட வேண்டும்.

தாய்ப்பால் சோதனையும் வேண்டும். ஆனால் மாதிரி எடுத்துக்கொண்டு போய்ப் பன்னாட்டு இதழில் எழுதிவிட்டு, கொடுத்த தாயிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் விட்டுவிடும் வழக்கம் இதில் தொடரக் கூடாது. அவள் விருப்பத்தைக் கேட்டு எடுத்து, முடிவை முதலில் அவளிடமே சொல்லி, கிராம சுகாதார செவிலியர் பக்கத்தில் உட்கார்ந்து அதன் பொருளை விளக்க வேண்டும். பள்ளி, அங்கன்வாடி, ஆரம்ப சுகாதார நிலையம் ஆகியவற்றைச் சுற்றி எந்தக் குப்பைக்கும் தீ வைக்கக் கூடாது என்பதற்குத் தலைமையாசிரியரின் ஒரு புகாரே போதுமானதாக இருக்க வேண்டும். கம்பி உறையை எரித்துச் செம்பு எடுப்பதைப் பழைய இரும்புக் கடைக்காரர்களை அழைத்துப் பேசியே நிறுத்திவிடலாம். கருகிய செம்பை வாங்க மாட்டோம் என்று அவர்கள் சொல்லிவிட்டால் அந்தப் பையன் தீக்குப் பக்கத்தில் உட்கார வேண்டியதில்லை. உறையை உரித்துக் கொண்டுவந்தால் எடைக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுக்கவும் அவர்களால் முடியும். அவன் அம்மாவின் மாத்திரைக்கு வேறு வழி செய்வது தனிக் கடமை. அதையும் மறந்துவிடக் கூடாது.

எங்கள் மண்ணிலேயே இயற்கை வேளாண்மையைப் பேசிப் பேசி ஊர் ஊராக நடந்தவர் நம்மாழ்வார். திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் பாரம்பரிய நெல் விதைகளைத் தேடித் தேடிச் சேர்த்தவர் நெல் ஜெயராமன். இருவரும் மறைந்துவிட்டார்கள். அவர்கள் காட்டிய வழியில் மருந்தில்லாமல் நெல் விளைவிக்கும் குடும்பங்கள் இன்றும் டெல்டாவில் இருக்கின்றன. சத்துணவுக்கும் அங்கன்வாடிக்கும் வாங்கும் அரிசியில் ஒரு பங்கையாவது அக்குடும்பங்களிடமிருந்து, கட்டுப்படியாகும் விலை கொடுத்து வாங்க அரசு முன்வந்தால், பிள்ளையின் தட்டும் விவசாயியின் கணக்கும் ஒருசேரத் தேறும். பெரிய நிதி எதுவும் இதற்கு வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன். கொள்முதல் விதியில் ஒரு திருத்தம் போதும்.

அடுத்த கிராம சபை உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 அன்று கூடுகிறது. எங்கள் ஊராட்சியின் நான்கு அங்கன்வாடிகளுக்கும் வரும் குடிநீரைப் பூச்சிமருந்து எச்சத்துக்குச் சோதித்துத் தர வேண்டும் என்று மாவட்ட நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்ளும் தீர்மானத்தை எழுதி வைத்திருக்கிறேன். இதுவரை 43 தாய்மார்கள் கையெழுத்திட்டிருக்கிறார்கள். டெல்டாவின் மற்ற ஊராட்சிகளிலும் அன்று இதே தீர்மானத்தைக் கொண்டுவர விரும்புவோர் எழுதிக்கொள்ள வசதியாக, அதன் நகலை இக்கடிதத்தோடு தங்களுக்கு அனுப்பியுள்ளேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்,
வலங்கைமான் வட்டம், திருவாரூர் மாவட்டம்.